ஒலி எட்டியும் சொல் எட்டாத பிள்ளைகள்: பரம்பரை நரம்பு நோய்களில் செவியும் சமநிலையும்

கேள்வியின் எல்லை

கைகால் நரம்புகளைத் தாக்கும் பரம்பரை நோய்களைப் பற்றிய மருத்துவப் பேச்சு பெரும்பாலும் நடையிலிருந்தே தொடங்குகிறது. பாதம் வளைகிறது, கெண்டைக்கால் மெலிகிறது, பிள்ளை அடிக்கடி இடறி விழுகிறது. பிறகு நரம்புக் கடத்தல் சோதனை, மரபணுச் சோதனை, பாதத்தைத் தாங்கும் பட்டை, எலும்பு அறுவை என்று எல்லாம் அந்தத் திசையிலேயே போகின்றன. ஆனால் வகுப்பில் ஆசிரியர் சொல்வதும் அந்தப் பிள்ளைக்குப் பிடிபடுவதில்லை. மின்சாரம் நின்றுவிட்டால் நின்ற இடத்தை விட்டு நகர அஞ்சுகிறது. யாராவது கேட்டால் மட்டுமே வெளியே வரும் இந்தச் செய்திகள் மருத்துவக் குறிப்பேட்டில் ஏறாமலே போய்விடுகின்றன.

கபால நரம்புகளில் எட்டாவது இணை, கேட்டலுக்கும் சமநிலைக்கும் உரியது. அதுவும் மயலின் உறை போர்த்திய இழைகளின் கட்டுதான். காலுக்குச் செல்லும் நரம்பைச் சிதைக்கும் மரபணுக் குறை இந்த நரம்பை மட்டும் விட்டுவைக்கக் காரணம் இல்லை. ஆனாலும் இந்நோய்களில் செவிக்கோளாறு அரிதான கூடுதல் அறிகுறி என்றே நெடுங்காலம் எழுதப்பட்டுவந்தது. உண்மையிலேயே அது அரிதா, அல்லது நம்முடைய அளவைகளுக்கு அது தென்படுவதில்லையா? இக்கட்டுரை ஆராயும் கேள்வி இதுவே. கிடைக்கும் சான்றுகள் இரண்டாவது விடையின் பக்கமே சாய்கின்றன என்பது என் வாதம்.

அளவைகள் எதை அளக்கின்றன

காதுச் சோதனை என்றதும் பலருக்கும் தெரிந்தது ஆடியோகிராம். ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்லி, காதில் படும் மிகச் சிறிய ஒலி எது என்று கண்டுபிடிக்கும் முறை. ஒலி இருக்கிறதா இல்லையா என்பதற்கு அது நல்ல விடை தரும். அந்த ஒலி எத்தனை தெளிவாக மூளைக்குப் போய்ச் சேர்ந்தது என்று அது கேட்பதே இல்லை.

இரண்டாவது சோதனை, செவியொலி உமிழ்வுச் சோதனை. ஆரோக்கியமான உட்செவி ஒலியைப் பெறுவதோடு நில்லாமல் தானும் நுண்ணொலி எழுப்புகிறது என்பதை 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் நிறுவினார். அந்த ஒலிக்குக் காரணம் உட்செவியின் சுருள் பகுதியான காக்ளியாவின் வெளி மயிர்ச் செல்கள். ஒரு காதில் இவை ஏறத்தாழ 12,000 இருக்கும். ஆனால் செய்தியை நரம்புக்கு ஒப்படைப்பவை உள் மயிர்ச் செல்கள், ஏறத்தாழ 3,500. செவி நரம்பின் சுமார் 30,000 இழைகளில் மிகப் பெரும்பாலானவை இவற்றோடுதான் இணைந்திருக்கின்றன. ஆகவே உமிழ்வுச் சோதனையில் ஒரு பிள்ளை தேறியது என்றால் வெளி மயிர்ச் செல்கள் இயங்குகின்றன என்று மட்டுமே பொருள். நரம்பைப் பற்றி அந்தச் சோதனை எதுவும் சொல்வதில்லை.

நரம்பைப் பற்றிச் சொல்வது மூன்றாவது சோதனை. நம் மருத்துவமனைகளில் எல்லாரும் 'பெரா' என்று சொல்கிறார்கள். தலையில் மின்முனைகளை ஒட்டி, காதில் ஆயிரக்கணக்கான 'டிக்' ஒலிகளைக் கொடுத்து, செவி நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின்னலைகளைச் சராசரி எடுக்கும் முறை. ஜூவட்டும் வில்லிஸ்டனும் 1971-இல் இதை விரிவாக விவரித்தார்கள். இந்த அலை தோன்ற வேண்டுமானால் ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே கணத்தில் துடிக்க வேண்டும். கும்மியில் எல்லாக் கைகளும் சேர்ந்து தட்டினால்தான் தாளம் கேட்கும். ஆளுக்கொரு கணத்தில் தட்டினால் கைகள் அத்தனையும் தட்டியும் தாளம் இராது. மயலின் உறை பழுதான நரம்பில் நேர்வது இதுதான். ஒவ்வோர் இழையும் செய்தியைக் கடத்துகிறது, ஆனால் வெவ்வேறு தாமதத்தோடு. மில்லிவினாடிக்கும் குறைந்த பிசகே அலையை அழித்துவிடப் போதும்.

ஒரே குழந்தையிடம் இம்மூன்று சோதனைகளும் மூன்று வேறு விடைகளைத் தரக்கூடும். அப்படித் தந்தபோது எதை நம்புவது என்பதில்தான் இத்துறை வெகுகாலம் தடுமாறியது.

1996-ஆம் ஆண்டுக் கட்டுரை

அந்தத் தடுமாற்றத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தது, ஆர்னால்ட் ஸ்டாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1996-இல் 'பிரெய்ன்' இதழில் வெளியிட்ட கட்டுரை. சிறுவர்களாகவோ இளைஞர்களாகவோ செவிக்குறையோடு வந்த 10 பேரை அது ஆராய்ந்தது. பத்துப் பேரிடமும் செவியொலி உமிழ்வு இருந்தது. ஒன்பது பேரிடம் மூளைத்தண்டு அலைகள் அறவே இல்லை, ஒருவரிடம் மிகவும் சிதைந்திருந்தன. ஆடியோகிராமிலோ பெரும்பாலோருக்கு இலேசான அல்லது நடுத்தரமான குறைவுதான். சொற்களை அடையாளம் காணும் திறன் சோதிக்கப்பட்ட எண்மரில் அறுவருக்கு, அந்த ஆடியோகிராமைக் கொண்டு எதிர்பார்க்கக்கூடியதைவிட மிக மோசமாக இருந்தது. ஒலி எட்டியது, சொல் எட்டவில்லை.

அந்தக் கட்டுரையில் அதிகம் பேசப்படாத, ஆனால் என் பார்வையில் மிக முக்கியமான செய்தி ஒன்று உண்டு. முதலில் சோதித்தபோது செவியைத் தவிர வேறு நரம்புக் குறை எதுவும் அவர்களிடம் காணப்படவில்லை. பிற்பாடு எட்டுப் பேரிடம் புறநரம்பு நோய்க்கான சான்று தென்பட்டது. அவர்களில் மூவருக்கு அது பரம்பரையாக வந்தது. அதாவது காலில் தெரிவதற்கு முன்பே செவியில் நோய் தன்னைக் காட்டிவிட்டது. செவிக்கோளாறை நரம்பு நோயின் பின்விளைவாக எண்ணும் வழக்கத்தை இந்த வரிசை நேராக மறுக்கிறது. பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும், செவிக்குறைக்காகவே வந்தவர்களிடம் செவிக்குறை முதலில் தெரிவது இயல்பு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நரம்பு நோயாளிகள் எல்லாருக்கும் செவியே முதல் என்று இதைக்கொண்டு நிறுவ முடியாது. சிலருக்கு அப்படி நேர்கிறது என்று சொல்வதற்கு இது போதும். மருத்துவர் எச்சரிக்கை கொள்ள அந்தச் சிலரே போதும்.

குறை எங்கே இருக்கிறது

பெயர் பற்றிய வாதம் உடனே எழுந்தது. ஸ்டார் வைத்த பெயர் செவிநரம்பு நோய். உள் மயிர்ச் செல்லிலோ, அதற்கும் நரம்புக்கும் இடையிலுள்ள சினாப்ஸிலோ குறை இருந்தாலும் இதே சோதனை முடிவுகள் வருமே என்று மற்றவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானதே என்பதை மரபியல் காட்டியது. ஓட்டோஃபெர்லின் என்ற புரதத்துக்கான மரபணு 1999-இல் அடையாளம் காணப்பட்டது. அது பழுதானால் உள் மயிர்ச் செல் ஒலியை உணர்ந்தும் நரம்புக்குச் செய்தியை ஒப்படைக்க முடியாது. அங்கே நரம்பு நலமாகவே இருக்கிறது. 2008-இல் இத்தாலியின் கோமோ நகரில் கூடிய வல்லுநர்கள், இவை எல்லாவற்றையும் ஒருங்கே அடக்கும் 'செவிநரம்பு நிறமாலைக் கோளாறு' என்ற பொதுப்பெயரை ஏற்றார்கள்.

பொதுப்பெயர் வழக்குக்கு வசதியாக இருக்கிறது. நம் பொருளைப் பொறுத்தவரை அது ஒரு வேறுபாட்டை மங்கவும் வைக்கிறது. பரம்பரை நரம்பு நோயுள்ள பிள்ளைகளிடம் குறை நரம்பிலேயே இருக்கிறது என்பதற்குக் காதெலும்பிலிருந்து நேரடிச் சான்று உண்டு. தள்ளாட்டத்தை உண்டாக்கும் பரம்பரை நோயான ஃப்ரீட்ரைக் நோயால் இறந்தவர்களின் காதெலும்புகளை ஆராய்ந்த ஸ்போண்ட்லின், மயிர்ச் செல்கள் நிலைத்திருக்க, செவி நரம்பணுக்கள் அழிந்திருப்பதை 1974-இல் காட்டினார். ஸ்டார் குழுவினர் 2003-இல், கைகால் நரம்புகளைத் தாக்கும் ஷார்கோ-மரி-டூத் நோயின் ஒரு வகைக்குக் காரணமான எம்.பி.இசட். மரபணு மாற்றமுடைய ஒரு முதியவரின் காதெலும்பை ஆராய்ந்தார்கள். உள் மயிர்ச் செல்கள் எண்ணிக்கையில் குறையவில்லை. செவி நரம்பணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் மறைந்திருந்தன. அம்மரபணு மயலின் உறையின் முக்கியப் புரதம் ஒன்றை உருவாக்குவது. உறையின் பழுதாகத் தொடங்கும் நோய் ஆண்டுகள் செல்லச் செல்ல இழையையே அழித்துவிடுகிறது என்று இதைப் படிக்கலாம். ஆனால் இவை வாழ்வின் கடைசியில் கிடைக்கும் சான்றுகள். பத்து வயதுப் பிள்ளையின் காதில் அந்த அழிவு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை இவற்றிலிருந்து அளந்து சொல்ல இயலாது. அதற்கு உயிரோடுள்ள பிள்ளைகளையே சோதிக்க வேண்டும்.

நோய்க்கு நோய் வேறு முகம்

ஷார்கோ-மரி-டூத் நோய் 1886-இல் விவரிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,500 பேரில் ஒருவருக்கு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. இன்று அது பல பத்து மரபணுக்களால் வரும் நோய்களின் குடும்பம். அதில் மிகப் பரவலான வகை, 17-ஆம் குரோமோசோமில் பி.எம்.பி.22 மரபணு இரட்டிப்பாவதால் வருகிறது. மெல்போர்னில் கேரி ரான்ஸும் சக ஆய்வாளர்களும் இந்நோயுள்ள பிள்ளைகளைச் சோதித்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒலியைக் கண்டறியும் திறன் பெரும்பாலும் இயல்பாக இருந்தது. நரம்புக் கடத்தல் தாமதமாகவும் சிதைந்தும் இருந்தது. ஒலியில் நேரத்தோடு நிகழும் நுண் மாற்றங்களைப் பிரித்தறிவதிலும், இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் புரிந்துகொள்வதிலும் பலர் பின்தங்கினார்கள். ஆடியோகிராமோடு நிறுத்தியிருந்தால் இவர்களில் பெரும்பாலோர் 'காது நலம்' என்ற சீட்டோடு வீடு திரும்பியிருப்பார்கள். செவிக்கோளாறு இந்நோயில் அரிது என்ற பழைய கருத்து எப்படி உருவாகியிருக்கும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல விளக்கம் தெரியவில்லை.

மறுகோடியில் நிற்பது பல்கேரியாவின் வடமேற்கில் தன்யூப் கரையிலுள்ள லோம் நகரின் பெயரால் அழைக்கப்படும் நோய். அங்குள்ள ரோமா மக்களிடம் லூபா கலாய்ஜியேவா குழுவினர் 1996-இல் இதை அடையாளம் கண்டார்கள். காரணமான என்.டி.ஆர்.ஜி.1 மரபணு 2000-இல் தெரியவந்தது. நடைக்கோளாறு சிறுவயதில் தொடங்குகிறது, செவிட்டுத்தன்மை பின்னால் வந்து சேர்கிறது. இங்கே செவிக்குறை அநேகமாக எல்லாரையும் தொடுவதால் அதை யாராலும் கவனியாமல் விட முடியவில்லை. இரண்டு வகைக்கும் செவி நரம்பே களம். வேறுபடுவது பாதிப்பின் ஆழம்தான்.

ஃப்ரீட்ரைக் நோய் வேறொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. 1996-இல் கண்டறியப்பட்ட ஃப்ராடாக்சின் மரபணுக் குறையால் வரும் இது, பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் தள்ளாட்டமாகத் தொடங்குகிறது. இப்பிள்ளைகளின் பேச்சே குழறுவதால், பிறர் பேச்சு இவர்களுக்குப் புரியவில்லை என்பது மறைந்துவிடுகிறது. பதில் தாமதமாவதை வாயின் குறையாகவோ அறிவின் குறையாகவோ சுற்றியுள்ளவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இது அந்தப் பிள்ளைக்கு இழைக்கப்படும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

சமநிலை: மூன்று துணைகளில் இரண்டு போனால்

மனிதர் நிமிர்ந்து நிற்பது மூன்று துணைகளால்: கண், பாதத்திலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் வரும் நிலையுணர்வு, உட்செவியின் அரைவட்டக் குழல்களும் அவற்றை அடுத்த உறுப்புகளும். பரம்பரை நரம்பு நோய் நிலையுணர்வைத் தேய்க்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே பிள்ளை விழுந்தால் காலைக் காரணம் காட்டிவிடுவது எளிது. எட்டாம் நரம்பின் சமநிலைக் கிளையும் கூடவே தேய்ந்திருந்தால் அதைத் தனியாகத் தேடினால்தான் தெரியும்.

தேடியவர்களுக்குத் தெரிந்தது. மெல்போர்னில் மைக்கேல் ஃபேகியும் மற்றவர்களும் ஃப்ரீட்ரைக் நோயாளிகளிடம் தலை அசையும்போது பார்வையை நிலைநிறுத்தும் அனிச்சை குறைந்திருப்பதை 2008-இல் காட்டினார்கள். ஷார்கோ-மரி-டூத் நோயாளிகள் பலரிடமும் அந்த அனிச்சை பழுதாகியிருப்பதை பொரெட்டி குழுவினர் 2013-இல் எழுதினார்கள். விழுவதற்கு எந்தக் குறை எவ்வளவு காரணம் என்று பங்கு பிரிப்பது இன்றும் கடினமே. காலும் செவியும் ஒரே நோயால் ஒன்றாகத் தேயும்போது இரண்டும் சேர்ந்தே மோசமாகும். ஆகவே ஒன்றுக்கும் வீழ்ச்சிக்கும் தொடர்பு தெரிந்தாலும் அதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

இக்குறையை மறைக்கும் இன்னொன்றும் உண்டு. இரு காதிலும் சமமாக, மெல்ல மெல்லக் குறையும்போது தலைசுற்றல் வருவதில்லை. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று போனால்தான் உலகம் சுழலும். எனவே 'தலை சுற்றுகிறதா?' என்று கேட்டால் பிள்ளை இல்லை என்றே சொல்லும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. தலைக்குக் குளிக்கும்போது கண்ணை மூடினால் தடுமாறுகிறதா? இரவில் தெருவிளக்கு இல்லாத இடத்தில் கையைப் பிடித்துக்கொள்கிறதா? நடந்துகொண்டே பலகையைப் படித்தால் எழுத்து ஆடுகிறதா? நீச்சல் பழகும் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உட்செவியும் நிலையுணர்வும் இல்லாத பிள்ளைக்குக் கலங்கிய நீருக்கடியில் மேல் எது கீழ் எது என்று தெரியாது. கிணற்றிலும் கண்மாயிலும் குதிக்கும் நம் ஊர்களில் இது உயிர் பற்றிய செய்தி.

சோதிப்பதற்குப் பெரிய கருவி இல்லையே என்ற சமாதானம் பொருந்தாது. ஹால்மாஜியும் கர்தாய்ஸும் 1988-இல் விவரித்த தலைத்திருப்பல் சோதனைக்கு மருத்துவரின் இரு கைகளே போதும். மருத்துவர் தம் மூக்கைப் பார்க்கச் சொல்லிப் பிள்ளையின் தலையைச் சட்டென்று சிறிதளவு திருப்பினால், அனிச்சை பழுதான பிள்ளையின் கண் இலக்கை விட்டு விலகி மீண்டும் தாவி வந்து சேரும்.

வகுப்பறையும் கருவிகளும்

நேரப் பிசகால் பேச்சின் எந்தப் பகுதி முதலில் சிதையும்? குறில் நெடில் வேறுபாடும், 'படம்', 'பட்டம்' என்பவற்றின் ஒற்று வேறுபாடும் கணிசமான கால அளவில் நிற்பவை. அவை ஓரளவு தப்பிவிடும். லகர ளகர ழகரமும் னகர ணகரமும் மிகக் குறுகிய ஒலி மாற்றங்களால் பிரிபவை. அவைதான் முதலில் குழம்பும் என்பது ஒலியியலை வைத்து நான் செய்யும் ஊகம். ஆசிரியர் கண்ணுக்கு இது எழுத்துப்பிழையாக மட்டுமே தெரியும். மின்விசிறிச் சத்தத்துக்கும் பக்கத்து வகுப்பின் வாய்பாட்டு ஓசைக்கும் நடுவே இந்தப் பிள்ளைக்கு என்ன மிஞ்சும் என்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

சாதாரணக் காதுக்கருவி ஒலியைப் பெருக்குகிறது. சிதைந்த செய்தியைப் பெருக்கினால் பெருகிய சிதைவுதான் கிடைக்கும், ஆகவே பலருக்குப் பயன் குறைவு. ஆசிரியர் சட்டையில் ஒலிவாங்கி, பிள்ளையின் காதில் ஏற்பி என்று அமையும் எஃப்.எம். கருவி இரைச்சலைத் தவிர்த்துப் பேச்சை மட்டும் கொண்டுசேர்க்கிறது. ஃப்ரீட்ரைக் நோயுள்ளவர்களுக்கு இதனால் பேச்சுப் புரிதல் தெளிவாகக் கூடியதை ரான்ஸ் குழுவினர் 2010-இல் காட்டினார்கள். நரம்பைக் குணமாக்காமலே வாழ்க்கையை மாற்றக்கூடிய கருவி இது. இத்தனை குறைவாகப் பேசப்படுவது வருத்தம் தருகிறது.

காக்ளியா உள்வைப்புக் கருவி பற்றிக் கருத்து ஒருமிக்கவில்லை. ஓட்டோஃபெர்லின் குறையில் நரம்பு நலமாக இருப்பதால் நல்ல பலன் கிடைக்கிறது. நரம்பே தேய்ந்தவர்களிடம் பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. மின்துடிப்பு மிச்சமுள்ள இழைகளை ஒருசேரத் துடிக்கவைக்கும் என்பது ஒரு தரப்பு. துடிக்க இழையே குறைவு என்பது மறுதரப்பு. இரண்டுமே சரியாக இருக்கக்கூடும், நோயின் கட்டத்தைப் பொறுத்து. தமிழ்நாட்டின் காப்பீட்டுத் திட்டம் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த அறுவையை இலவசமாகத் தருகிறது. பிறவிச் செவிடர்களை மனத்தில் கொண்டு வகுத்த அந்த வரம்புக்கு நல்ல காரணம் உண்டு. ஆனால் பேச்சு வந்தபிறகு, பத்து வயதிலோ பதினைந்திலோ கேட்கும் திறனை இழக்கும் பிள்ளைகள் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறார்கள்.

நம் நாட்டுச் சோதனை வரிசை

தென்னிந்தியாவில் செவிநரம்பு நிறமாலைக் கோளாறு அரிதல்ல. மைசூர் அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனத்துக்கு வந்தவர்களை ஆராய்ந்த அஜித்குமாரும் ஜெயராமும், உணர்நரம்புச் செவிக்குறை உள்ளவர்களில் 183 பேருக்கு ஒருவர் இவ்வகையினர் என்று 2006-இல் எழுதினார்கள். பெண்கள் ஆண்களைப்போல் இருமடங்கு இருந்தார்கள். பலருக்குக் குறை தொடங்கியது பதின்பருவத்தை ஒட்டி. பிறந்த குழந்தைக்கான சோதனை எவ்வளவு நன்றாக நடந்தாலும் இவர்களைப் பிடித்திருக்காது. அந்தச் சோதனையும் பல இடங்களில் உமிழ்வுச் சோதனையில்தான் தொடங்குகிறது. அதில் தேறிய குழந்தை பெராவுக்குப் போவதில்லை. பரம்பரை நரம்பு நோய் உள்ள குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த வரிசை பொருந்தாது. நேராகப் பெராவே தேவை. பிறகு ஆண்டுக்கொரு முறை இரைச்சலில் பேச்சுச் சோதனையும் வேண்டும். காலம் செல்லச் செல்ல உமிழ்வு மறைந்துவிடுவதும் உண்டு. அப்போது வந்து சேரும் பிள்ளை சாதாரணக் காக்ளியாக் குறை என்று தவறாக வகைப்படுத்தப்படும்.

உறவுமுறைத் திருமணத்தை எல்லாவற்றுக்கும் காரணமாக்கும் பழக்கமும் திருத்தப்பட வேண்டியது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019–21 சுற்றில் தமிழ்நாட்டில் நான்கில் ஒருவருக்கு மேல் சொந்தத்தில் மணந்தவர்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோயாகும் ஒடுங்கு மரபணுக் குறைகளான ஃப்ரீட்ரைக், லோம் போன்ற நோய்களுக்கு அது வாய்ப்பைக் கூட்டும். பி.எம்.பி.22 இரட்டிப்போ பெற்றோரில் ஒருவரிடமிருந்தே வரக்கூடியது, சில வேளை புதிதாகவே தோன்றுவது. அங்கே மாமன் மகளை மணந்ததைப் பழிப்பது தவறு மட்டுமல்ல, தாயின் மேல் தேவையற்ற குற்றச்சுமையையும் ஏற்றுகிறது.

சென்னைக்கே உரிய ஒரு சிக்கல்

மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970-இல் விவரித்த ஒரு நோய் உலக நரம்பியலில் மதராஸ் இயக்கநரம்பணு நோய் என்றே வழங்குகிறது. இளவயதில் தொடங்கும், கைகால் மெலியும், முகமும் நாக்கும் வலுவிழக்கும், பலருக்குச் செவியும் மங்கும். பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவரிடம் மட்டுமே தோன்றும். இதனோடு மிகவும் ஒத்துத் தெரிவது பிரவுன், வியலெட்டோ, வான் லேர் ஆகிய மூவரின் பெயர் தாங்கிய குழந்தைப் பருவ நோய். அதிலும் பலருக்கு முதல் அறிகுறி செவிக்குறை, அதுவும் செவிநரம்பு வகை. பிறகு முகம், விழுங்கல், மூச்சு என்று பரவும். ரிபோஃப்ளேவின் என்னும் பி2 வைட்டமினைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் புரதங்களின் மரபணுக் குறையே இதற்குக் காரணம் என்பது 2010-க்கும் 2012-க்கும் இடையே தெளிவாயிற்று. அந்த வைட்டமினை அன்றாடத் தேவையைவிடப் பல மடங்கு கொடுத்தபோது பல பிள்ளைகளின் தசைவலுவும் மூச்சும் மேம்பட்டன. கொடுக்காவிட்டால் மூச்சுத்தசைகள் செயலிழந்து இறக்க நேரும். பரம்பரை நரம்பு நோய்களில் மருந்தால் திசை திருப்பக்கூடியவை மிகச் சில, அவற்றில் இது ஒன்று.

இரண்டும் ஒரே நோயா? பெங்களூர் நிம்ஹான்ஸின் நளினியும் லண்டன் ஆய்வாளர்களும் 2013-இல் மதராஸ் நோயாளிகளிடம் ரிபோஃப்ளேவின் மரபணுக்களைத் தேடி, இது வேறு நோய் என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவை நான் ஏற்கிறேன். ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில் ஆபத்து இருக்கிறது. மதராஸ் நோய் ரிபோஃப்ளேவின் மரபணுக் குறையால் வருவதல்ல என்பதற்கும், சென்னையில் முகத்தசைத் தளர்ச்சியும் செவிக்குறையும் கொண்டு வரும் பிள்ளைக்கு ரிபோஃப்ளேவின் வேண்டாம் என்பதற்கும் பெரிய தூரம் உண்டு. வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கும்வரை வந்திருப்பது எந்த நோய் என்று மரபணு முடிவுக்குப் பிறகே தெரியும். அந்த முடிவு வர வாரங்கள் ஆகும். மலிவான, நஞ்சற்ற இந்த வைட்டமினைச் சந்தேகம் எழுந்த அன்றே மருத்துவர் கண்காணிப்பில் தொடங்கிவிட வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். முடிவு எதிர்மறையாக வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். அந்தச் சந்தேகம் எழ வேண்டுமானால், நரம்பியல் பிரிவில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர் அன்றே பெராவுக்கும் எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். பெராவில் அலை இல்லை என்று கண்டவர் அதைச் செவியின் செய்தியாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் நரம்பியல் பிரிவுக்குத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.